மேகலாவின் மானிட்டர்

போன வாரம் என் கைபேசித் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. விழுந்த நேரத்தில் நான் மேகலாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், தினமும் பார்ப்பேன், அடுப்பில் பால் வைப்பதற்கு முன்பே பார்ப்பேன், அதற்கென்ன இப்போது? கோயம்புத்தூரில் சொந்தமாக டிசைன் ஸ்டூடியோ திறந்திருக்கிறாளாம். குத்துவிளக்கு, ரிப்பன், அரக்குப் பட்டு, பின்னால் சுவர் அகலத்துக்குத் திரைகள். அந்தப் பச்சைக் கோடு சரியாக அவள் மூக்கின் மேல் இறங்கி முகத்தை இரண்டாகப் பிளந்திருந்தது. பொய் சொல்வானேன், ஒரு நொடி மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

ஆனால் அடுத்து என் சொந்தப் பேரன் படத்திலும் அதே கோடு தெரிந்ததும் பதறிப்போய், செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மொபைல் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கக்கா."

மேகலாவின் படத்தையே எடுத்து அனுப்பினேன். அவர் தன் போனில் திறந்து காட்டினார். கோடு இல்லை. மேகலா முழுசாக, பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா? உள்ளாற கோளாறு இருந்தா அது படத்துலயும் வந்துருக்கும். வரல. சாஃப்ட்வேரு நல்லா இருக்குது. ஒங்க டிஸ்ப்ளேதான் போயிடுச்சு."

அவர் அதைச் சொன்ன மிதப்பு இருக்கிறதே, ஏதோ அன்று காலையில்தான் தானே கண்டுபிடித்த மாதிரி! எனக்குச் சுருக்கென்றது. உலகத்தில் எனக்கு முன்னால் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் செஞ்சியில் இதை முதலில் கண்டுபிடித்தது நான்தான், அதுவும் வெறும் வயிற்றெரிச்சலால் கண்டுபிடித்தேன். அதைச் சொன்னால் அவருக்குப் புரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

டிஸ்ப்ளேயைப் பெயர்ப்பதற்காக அவர் போனைச் சூடாக்கினார். பசை இளகி ஒரு பிளாஸ்டிக் வாசனை வந்தது. எனக்கு அது ஏகாம்பரம் சார் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த நாளின் வாசனை. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோலும் புது வயரும் கலந்து மூக்கில் ஏறுமே, அதே வாசனை. கடை திருவண்ணாமலை ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. யூரியா மூட்டை நெடியிலும் பூச்சிமருந்து நெடியிலும் ஊறிப்போன எங்கள் மூக்குக்கு அந்தப் புது வாசனை கல்யாண வீடு போல இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், போட்டோ ஆல்பம், எல்லாம் அங்கே செய்வோம். செய்கிறவர்கள் இரண்டே பேர். அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் நான் ஒருத்தி. சீயமங்கலம் பக்கத்திலிருந்து வரும் மேகலா இன்னொருத்தி. நான்தான் சீனியர். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் கம்ப்யூட்டர் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் மேஜையைத் துடைத்து, என் பழைய கம்ப்யூட்டரின் வயர்களைச் சுருட்டிக்கூட வைத்துவிட்டேன். அதன் கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அது திறந்துகொண்டே இருக்கும். ஏகாம்பரம் சார் புதுசை நேராகத் தூக்கிப் போய் மேகலாவின் மேஜையில் வைத்தார்.

"நீ சீனியரும்மா, எதுலயும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவ. அது சின்னப் பொண்ணு."

சீனியர் என்கிற வார்த்தையின் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மேகலா கெட்டிக்காரி. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே கொண்டுபோக முடியாது என்பதால் சொல்லித் தொலைக்கிறேன். எங்கள் ஊர் ஆல்பத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் செஞ்சிக் கோட்டை இருந்தே ஆகவேண்டும். நேரில் ஒருநாளும் மலை ஏறாதவர்கள்கூட ஆல்பத்தில் ராஜகிரி உச்சியில் நிற்க ஆசைப்படுவார்கள். நான் ஒட்டினால் ஜோடி காற்றில் மிதக்கும், மாப்பிள்ளையின் ஷூவுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு சாண் வானம் தெரியும். அவள் ஒட்டினால் அவர்கள் மூச்சு வாங்கி ஏறி வந்து நிற்பது போல இருக்கும். போதாததற்கு அவள் ஊர்ப் பக்கம் குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. அங்கே தூணில் இருக்கிற சிங்கத்தைப் பார்த்து வரைந்து, பத்திரிகையின் மூலைக்கு ஒன்றாக உட்கார வைத்தாள். ஜனங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மாடிப்படி ஏறி வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "சிங்கம் போடுற பொண்ணு இல்லியா?" என்று கேட்பார்கள். எங்கள் அனந்தபுரத்தில் வரைவதற்கு ரேஷன் கடைதான் இருந்தது. அதைப் பத்திரிகையில் போட முடியுமா?

இன்னொன்று. அவள் தன் மானிட்டரை நேராக வைத்துக்கொள்ள மாட்டாள். கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பாள். அவள் செய்வதெல்லாம் எனக்குத் தெரியவேண்டும், தெரிந்து நான் வேகவேண்டும், அதற்காகத்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அதற்காகப் பார்க்காமல் இருந்தேனா என்றால், அதுவும் இல்லை.

புது மானிட்டர் என்றால் இப்போது சுவரில் மாட்டுகிறார்களே அந்த மாதிரித் தட்டை இல்லை. பின்னால் பெரிய முதுகு வைத்த கண்ணாடிப் பெட்டி. அதன் தலையில் ஒரு பிள்ளையாரை உட்கார வைக்கலாம் போல அகலம் இருக்கும். வைத்தார் ஏகாம்பரம் சார். தன் காரின் டேஷ்போர்டுக்காக வாங்கியிருந்த குட்டிப் பிள்ளையாரைக் கொண்டுவந்து மேகலாவின் மானிட்டர் மேல் வைத்து, ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றிவிட்டு, கற்பூரத்தைச் சுழற்றினார்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. ஊரு கண்ணு, உறவு கண்ணு, நாயி கண்ணு, நரி கண்ணு, கொள்ளிக் கண்ணு..."

கொள்ளிக்கண் வரும்போது அவர் என் பக்கம் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவரில் பல்லி ஏதாவது இருந்ததோ என்னவோ. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கண் என்னுடையதுதான் என்று எனக்கே தெரியுமே!

அந்த வாரமே மானிட்டரில் கறை விழுந்தது. திரையின் மேல்பக்கம் நடுவில் பச்சையாக ஒரு தேமல், ஓரத்தில் ஊதா. புடவையாக இருந்தால் மயில்கழுத்து நிறம் என்று வாங்கியிருப்பேன். மணப்பெண்ணின் முகம் அந்த இடத்துக்கு வந்தால் விஷம் குடித்தவள் போலத் தெரிவாள். மேகலா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். துணியால் துடைத்தாள். நான் என் நாற்காலியிலிருந்து, "இன்னாச்சு மேகலா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த கரிசனத்தைக் கேட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

ஏகாம்பரம் சாருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு சட்டம்தான். அதைக் கடை திறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஹார்டுவேரு கெட்டுச்சின்னா என் பாடு. சாஃப்டுவேரு கெட்டுச்சின்னா உங்க பாடு."

பெட்டி, வயர், கண்ணாடி எல்லாம் அவர் வாங்கிப் போட்டது, அதில் கோளாறு என்றால் அவர் பொறுப்பு. உள்ளே ஓடுவதெல்லாம் நாங்கள் ஏற்றி இறக்கிக் கைவைப்பது, அதில் கோளாறு என்றால் நாங்கள் எதையோ செய்து கெடுத்துவிட்டோம். ஆகவே அந்தக் கறை எங்கிருந்து வருகிறது என்பது சும்மா தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை. சாஃப்ட்வேர் என்று தீர்ப்பானால் மேகலா அந்த மேஜையை விட்டு எழுந்து, லேமினேஷன் மிஷின் பக்கத்தில் நின்று அட்டை வெட்டப் போகவேண்டும். புதுக் கம்ப்யூட்டர் எனக்கு வந்துவிடும். நான் எந்தப் பக்கம் வேண்டிக்கொண்டேன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதுவும் அந்தப் பிள்ளையாரிடமே வேண்டிக்கொண்டேன்.

முதல் சாட்சி மேகலாவுக்கு எதிராகத்தான் வந்தது. ஆல்பம் வாங்கிப் போன ஒரு பெண்ணின் அம்மா படியேறி வந்து மேஜையில் அதைப் போட்டார்.

"எம் பொண்ணு மூஞ்சி இன்னாத்துக்கு இப்டி செவந்து கெடக்குது? அடிவாங்குனவ மாதிரி இருக்குது!"

அச்சிலும் கோளாறு என்றால் அது கண்ணாடியில் எப்படி இருக்கும், உள்ளேதான் இருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். சொன்னபோது அது எனக்கு நியாயமாகவே பட்டது. திண்டிவனத்திலிருந்து வந்து ரிப்பேர் பார்க்கும் சர்வீஸ்காரரும் போனிலேயே, "சாஃப்டுவேராத்தான் இருக்கும், எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி ஏத்திடலாம்" என்று சொல்லிவிட்டார். அழித்தால் அவளுடைய சிங்கங்களும் போய்விடும்.

மேகலா அழவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டு, ஏகாம்பரம் சாரைக் கூப்பிட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்தன. மேலே நடுவில் இருந்த எழுத்துகள் மட்டும் பச்சை.

"பாருங்க சார். சாஃப்டுவேரு இன்னும் எழுந்துக்கவே இல்ல. அதுக்கு முன்னாடியே கறை வந்து ஒக்காந்துக்கினு இருக்குது. அப்ப அது பெட்டியிலதான சார்?"

எவ்வளவு அழகான வாதம்! எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது. நல்லவேளை, ஏகாம்பரம் சாருக்குப் புரியவில்லை. "எழுத்துன்னா சாஃப்டுவேருதானம்மா எழுதும்?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சீனியரு. அந்தக் கறைய அப்படியே ஒரு படமா புடிச்சி வை. சர்வீஸ்காரரு வந்தா காட்டணும்" என்றார்.

நீண்ட நாளைக்கு அப்புறம் அந்தச் சீனியர் என் காதில் தேனாக விழுந்தது. மேகலா எழுந்து நின்றாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் பாதி முடித்த ஒரு பத்திரிகை இருந்தது. சந்தன நிறப் பின்னணி, மூலைக்கு ஒரு சிங்கம், மேலே நடுவில், சரியாகத் தெய்வம் துணை என்று போட்ட இடத்தில், கறை. திரையில் இருப்பதை அப்படியே படம் பிடிக்கக் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினேன். பிடித்த படத்தை அங்கேயே திறந்து பார்த்தேன். கறை துல்லியமாகப் பதிவாகியிருந்தது. திருப்தியாக ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டேன். கறை பிடித்த மானிட்டரில் எந்தப் படத்தைத் திறந்தாலும் கறையோடுதான் தெரியும் என்கிற எளிய விஷயம் எனக்கு உறைக்கவில்லை. பொறாமைக்காரிக்குக் கண் கூர்மை, அவ்வளவுதான்.

என் பழைய கம்ப்யூட்டரில் ஃபிளாப்பியைச் செருகினேன். ஏகாம்பரம் சார் எனக்குப் பின்னால் வந்து நின்றார். மேகலாவும் வந்து நின்றாள். என் கம்ப்யூட்டர் வழக்கம்போல் கோயில் திரை விலக்குவது போல மேலிருந்து மெள்ள மெள்ளப் படத்தைத் திறந்தது. சந்தன நிறம் வந்தது. தெய்வம் துணை வந்தது. இரண்டு சிங்கங்கள் வந்தன. கறை வரவில்லை.

"கறையே இல்லியே!" என்று என் வாய் கத்திவிட்டது. நான் கத்தவில்லை, வாய் கத்தியது.

அந்தப் பத்திரிகை அத்தனை அழகாக இருந்தது. கறைக்கு அடியில் இத்தனை நாள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாளா? கறையோடு பார்த்தபோது எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச ஆறுதலும் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. ஏகாம்பரம் சார் மட்டும் மெதுவாக, "அப்ப உள்ள நல்லாத்தான் இருக்குதா? கண்ணாடிதான் கெட்டுடுச்சா?" என்று கேட்டார். அதைத்தான் திரையே சொல்லிவிட்டதே. அச்சில் பெண் ஏன் சிவந்தாள் என்பதை மேகலாதான் சொன்னாள். கண்ணாடியில் பச்சையாகத் தெரிந்த முகத்தை அவள் பாவம் சிவப்பேற்றிச் சிவப்பேற்றிச் சரி செய்திருக்கிறாள். இல்லாத பச்சைக்கு ஏற்றிய சிவப்பு எல்லாம் அப்படியே அச்சில் வந்திருக்கிறது.

சரி, மானிட்டரை மாற்றிப் பார்த்துவிடலாம் என்று ஏகாம்பரம் சார் கிளம்பினார். புது மானிட்டரைத் தூக்குவதற்கு முன்னால் பிள்ளையாரைப் பயபக்தியோடு எடுத்து, கீழே வைக்கக் கூடாது என்று என் மானிட்டர் தலையில் வைத்தார். வைத்த கையோடு என் திரையில், என் கண்முன்னால், பச்சையாக ஒரு தேமல் மலர்ந்தது.

"ஐயய்யோ, இதுவும் போச்சா!" என்றார் அவர்.

மேகலா பிள்ளையாரை எடுத்தாள். தேமல் சுருங்கியது. வைத்தாள். விரிந்தது. எடுத்து என் மேஜையில் வைத்தாள். சிதறிக் கிடந்த ஸ்டேப்ளர் பின்கள் எல்லாம் ஓடிப்போய்ப் பிள்ளையாரின் பீடத்தில் ஒட்டிக்கொண்டன. காரில் ஆடாமல் நிற்பதற்காகப் பீடத்துக்கு அடியில் காந்தம் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடிப் பெட்டிகளுக்குக் காந்தம் ஆகாது, பக்கத்தில் வந்தாலே நிறம் மாறிவிடும். பிள்ளையார் பிடிக்க என்று நீங்கள் ஆரம்பிப்பது காதில் விழுகிறது. வேண்டாம், அவர் ஒன்றும் செய்யவில்லை, வைத்த இடத்தில் இருந்தார்.

மேகலா முகத்தை ரொம்பப் பவ்யமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், இப்ப பிள்ளையாரு ஹார்டுவேரா, சாஃப்டுவேரா?"

ஏகாம்பரம் சார் உண்மையாகவே யோசித்தார். பிறகு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "என் பாடும்மா" என்றார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கீழே உரக்கடையிலிருந்து ஆள் ஏறி வந்துவிட்டது.

சிரித்து முடித்தபின் எனக்கு ஒன்று உறைத்தது. கறைக்குக் காரணம் காந்தம். காந்தம் வந்தது பிள்ளையாரோடு. பிள்ளையார் வந்தது கண்ணேறு கழிக்க. கண் யாருடையது? சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மேகலா ஒரு பை நிறைய அவித்த வேர்க்கடலை கொண்டுவந்தாள். "நீ மட்டும் அதப் படமா புடிச்சிக் காட்டலன்னா, நான் இந்நேரம் அட்டை வெட்டிக்கினு இருப்பேங்க்கா" என்றாள். நான் கடலையை உரித்துக்கொண்டே இருந்தேன். நன்றி சொல்லி ஒருத்தியை இவ்வளவு வேதனைப்படுத்த முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவள் போய்த் தன் மானிட்டரை முன்போலவே என் பக்கம் திருப்பி வைத்தாள். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நேரா வெச்சிக்கினாதான் இன்னா?"

"நீ எட்டி எட்டிப் பாக்கறியேக்கா, கழுத்து வலிக்காதா? அதுக்குத்தான் ஒன் பக்கமா திருப்பி வெக்கிறேன்."

சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன், கேலி இல்லை. அதன் பிறகும் எனக்குப் பொறாமை குறையவில்லை, அதை மட்டும் தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒளிந்து பார்க்கும் வேலை மிச்சமானது. சிங்கத்தின் பிடரிச் சுருளை எப்படிப் போடுகிறாள், பாறையில் ஷூவின் நிழலை எப்படி விழவைக்கிறாள் என்று பகிரங்கமாகப் பார்த்து வயிறெரிந்தேன். என் ஜோடிகளும் மெல்லத் தரையிறங்கின.

கறை உடனே போய்விடவில்லை. மானிட்டரைப் போடும்போதெல்லாம் டொய்ங் என்று ஒரு சத்தம் வரும், ஏறிய காந்தத்தைப் பெட்டி தானே உதறுகிற சத்தமாம், அந்தச் சத்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. மேல் பக்கம் மட்டும் லேசாக ஒரு பச்சை தங்கிவிட்டது. மேகலாவுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணமாகி அவள் போன பிறகு, யாரும் கேட்காமலே அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு வந்தது. உட்கார்ந்ததும் மானிட்டரை நேராகத் திருப்பிக்கொண்டேன். எத்தனை நாள் ஆசைப்பட்ட இடம்! பக்கத்து நாற்காலியில் ஏகாம்பரம் சார் பேப்பர் கட்டுகளை அடுக்கி வைத்தார். வந்தவர்கள், "சிங்கம் போடுற பொண்ணு இல்லியா?" என்று கேட்டார்கள். நான்தான் இப்போது போடுகிறேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

அந்த மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. உரக்கடை பேக்கரியாகிவிட்டது. முதுகு வைத்த மானிட்டர்களைப் பழைய இரும்புக்காரர்கூட வாங்கத் தயங்கினார், இன்று ஊரில் தேடினாலும் ஒன்று கிடைக்காது. காந்தப் பிள்ளையார்கள் காருக்குக் கார் இருக்கிறார்கள், அவர்களால் கெடுவதற்குத்தான் எதுவும் இல்லை. நான் வீட்டிலேயே ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு பத்திரிகை செய்கிறேன். வேலை கொடுப்பவர்கள் போனில் கொடுத்துப் போனிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். நன்றாகச் செய்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள். என் ஜோடிகள் ராஜகிரியில் ஆணியடித்த மாதிரி நிற்கிறார்கள்.

மொபைல் கடைக்காரர் டிஸ்ப்ளேயை மாற்றித் தந்தார். வாங்கியதும் முதல் வேலையாக மேகலாவின் ஸ்டேட்டஸைத் திறந்தேன். கோடு போய்விட்டது. முகம் முழுசாகத் தெரிந்தது. பின்னால் இருந்த பெரிய திரையில் ஏதோ டிசைன் பாதியில் நின்றது. மூலையில் இருப்பது சிங்கமா என்று பார்க்க விரலால் பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்கக் கலங்கியது. திரை அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது. என்னையும் அறியாமல் கடை வாசலில் நின்றபடி கழுத்தைச் சாய்த்து எட்டிப் பார்த்தேன். என் பக்கத்தில், சாய்த்துப் பார்த்தால் தெரிகிற தூரத்தில், இப்போது யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.